கூரை விளிம்பில் ஐஸ் அணை: வராமல் தடுக்கவும், வந்துவிட்டால் சமாளிக்கவும்

பனி கொட்டும் இடத்தில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூரை ஓரத்தில் வரிசையாகத் தொங்கும் ஐஸ் ஊசிகள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றுக்குச் சற்று மேலே, விளிம்பை ஒட்டி ஐஸ் தடித்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதுதான் ஐஸ் அணை. அங்கே தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து சீலிங்கிலோ சுவரிலோ இறங்கிவிடும். கூரை வேலை செய்பவர்களிடம் ‘ஐஸ் டேம்’ என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இந்தத் தொல்லை கண்ணுக்குத் தெரிவது கூரையில். அதன் வேர் இருப்பது வீட்டுக்குள். இதைப் பிடித்துக்கொண்டால் எந்தச் செலவு வீண், எந்தச் செலவு பயன் தரும் என்பது உங்களுக்கே தெரிய ஆரம்பித்துவிடும்.

இப்போதே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் ‘தண்ணீர் உள்ளே வந்துவிட்டால்’ என்ற பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அணை எப்படி உருவாகிறது

வீட்டைச் சூடாக்க நாம் செலவழிக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு சீலிங்கைத் தாண்டி மேலே போகிறது. சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கும் அட்டிக் சூடாகிறது. அட்டிக்கின் சூட்டில் கூரைப் பலகை சூடாகிறது. பலகை 0 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், மேலே கிடக்கும் பனி அடிப்பக்கத்திலிருந்து உருகுகிறது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, பனி வெள்ளையாக அப்படியே கிடக்கும். அதற்கடியில் தண்ணீர் கூரைச் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்.

அந்தத் தண்ணீர் கூரையின் கடைசிப் பகுதிக்கு வருகிறது. சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பகுதிக்குக் கீழே சூடான அறை கிடையாது, வெளிக்காற்றுதான். அங்கே கூரை உறைநிலைக்குக் கீழே இருக்கிறது. வந்த தண்ணீர் உறைகிறது. அடுத்து வருவது அதன்மேல் உறைகிறது. நாளடைவில் வயல் வரப்பு போல ஒரு ஐஸ் மேடு எழும்பி, பின்னால் வரும் தண்ணீரைத் தேக்கிவிடுகிறது.

ஷிங்கிள் என்ற கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மேலிருந்து கீழே ஓடும் தண்ணீரை வழித்துவிடத்தான் அவை அப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்க அவற்றால் முடியாது. குளம்போல் நிற்கும் தண்ணீர் ஓடுகளின் அடுக்குக்குள் மேல்நோக்கி ஏறி, ஆணித் துளை வழியாகவும் பலகை இடுக்கு வழியாகவும் உள்ளே வந்துவிடும். அதனால்தான் போன வருடம் போட்ட புதுக் கூரையிலும் ஐஸ் அணையால் ஒழுகல் வருகிறது. அதற்குக் கூரைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

கொஞ்சம் வெப்பம் கசிந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் போதும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரியும் அளவு வெப்பம் நாள் முழுக்க ஒரு ஓட்டை வழியாகப் போய் எல்லாமே பனியை உருக்கினால், ஒரே நாளில் 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் உருவாகும். இது ஒரு ஓட்டைக்கான கணக்கு. பழைய வீடுகளில் இப்படிப்பட்ட ஓட்டைகள் நிறைய இருக்கும்.

பனியின் கனமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பனி நல்ல வெப்பத் தடுப்பு. கூரைமேல் அது தடிமனாகப் படிந்தால் வெளிக்குளிர் பலகையைத் தொடாது, உள்ளிருந்து வரும் வெப்பம் அங்கேயே தங்கிவிடும். மெல்லிய பனியில் எந்தத் தொந்தரவும் தராத கூரை, பெரிய பனிப்பொழிவுக்குப் பின் நீண்ட குளிர் வந்தால் அணை கட்டுவதற்கு இதுதான் காரணம்.

உங்கள் வீட்டில் வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது

பனி பெய்து நின்று ஓரிரு நாள் கழித்து, தெருவில் நின்று கூரையைப் பாருங்கள். மொத்தக் கூரையிலும் பனி ஒரே சீராகக் கிடந்தால் நல்லது. நடுவில் திட்டுத் திட்டாக உருகி ஓடு தெரிந்தால் அந்த இடத்துக்கு நேர் கீழே வெப்பம் கசிகிறது. அதே சரிவும் அதே திசையும் உள்ள பக்கத்து வீட்டுக் கூரையில் பனி இருந்து உங்களுடையதில் இல்லையென்றால், சந்தேகமே வேண்டாம்.

ஐஸ் ஊசிகளை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வெயில் படும் பக்கத்தில் பகலில் உருகி இரவில் உறையும் சின்ன ஊசிகள் எல்லா வீட்டிலும் வரும். வெயிலே படாத பக்கத்தில், மேகமூட்டமான நாளில், கைத்தடி நீளத்துக்குத் தொங்கினால் அதைக் கவனியுங்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவிலிருந்து, அதாவது சாஃபிட் என்ற அடிப்பலகை வழியாக ஐஸ் கசிந்து வந்திருந்தால், தண்ணீர் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள்.

அட்டிக்குக்குள் எட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கூரைப் பலகையிலிருந்து கீழே துருத்தும் ஆணி முனைகளில் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தால், வீட்டின் ஈரமான சூடான காற்று அங்கே வருகிறது. வெப்பம் மேலே போகாமல் தடுக்கச் சீலிங்கின்மேல் பரப்பியிருக்கும் கண்ணாடி இழை இன்சுலேஷனில் கருப்பாக அழுக்குப் படிந்த இடங்களையும் தேடுங்கள். பூஞ்சை என்று பலர் பயந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது தூசிதான்: கீழிருந்து வரும் காற்றை இன்சுலேஷன் வடிகட்டிக்கொண்டிருந்ததன் தடம். அந்தக் கருப்புக்கு நேர் கீழே ஓட்டை இருக்கும்.

இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பள்ளம், கூரை ஜன்னலின் மேல்பக்கம், புகைபோக்கியின் பின்புறம் ஆகிய இடங்களில் தண்ணீர் ஒன்றுசேர்வதால் அணை அங்கே முதலில் கட்டும். அட்டிக்கே இல்லாமல் கூரைச் சரிவே உள்ளே சீலிங்காக இருக்கும் வீடுகளும் அதிக ஆபத்தில் இருப்பவை.

தண்ணீர் உள்ளே வந்துவிட்டால்

முதலில் மின்சாரம். சொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் விளக்கோ மின்விசிறியோ சுவிட்சோ இருந்தால், அந்தப் பகுதிக்கான பிரேக்கரை அணையுங்கள். தண்ணீர் பிரேக்கர் பெட்டிக்கே வந்திருந்தால் அதைத் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அடுத்து சீலிங்கைப் பாருங்கள். பெயிண்ட் பலூன் மாதிரி உப்பியிருந்தாலோ, பலகை தொய்ந்திருந்தாலோ, மேலே தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதை அப்படியே விட்டால் மொத்தப் பலகையும் ஈரக் கனத்தில் இடிந்து விழும். கீழே பெரிய வாளி வைத்து, தொய்வின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஸ்குரூடிரைவரால் ஒரு சின்னத் துளை போடுங்கள். நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நின்று குத்துங்கள். நல்ல சீலிங்கில் ஓட்டை போடவா என்று மனம் தயங்கும். தயங்க வேண்டாம், ஒரு துளையை அடைப்பது சுலபம்.

மரச்சாமான்களை நகர்த்தி, நகர்த்த முடியாதவற்றை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். துடைக்கும் முன் படம் எடுங்கள்: கறை, வாளி, கூரை விளிம்பின் ஐஸ், நனைந்த சாமான்கள், எல்லாவற்றையும். காப்பீட்டுக்கு அது தேவைப்படும்.

தற்காலிகமாகச் சொட்டை நிறுத்த, அட்டிக்கில் நின்று வேலை செய்ய இடம் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. சாதாரண மின்விசிறி ஒன்றை மேலே கொண்டுபோய், அட்டிக்கின் குளிர்ந்த காற்று கூரைப் பலகையின் ஒழுகும் இடத்தில் நேராகப் படும்படி வையுங்கள். கசியும் தண்ணீர் அங்கேயே உறைந்து ஒழுகல் நிற்கும். நல்ல குளிர் நாளில் இது ஆச்சரியப்படும் வேகத்தில் வேலை செய்யும். விசிறியும் வயரும் நனையாத இடத்தில் இருக்க வேண்டும். கால் வைப்பது குறுக்குச் சட்டங்களின் மேல் மட்டும். நடுவில் வைத்தால் சீலிங்கை உடைத்துக்கொண்டு கால் கீழ் அறைக்குள் போய்விடும்.

இனி அணையில் வழி வெட்ட வேண்டும். இதற்குக் கால்சியம் குளோரைடு துகள்கள் உதவும். பழைய நீளக் காலுறை அல்லது மெல்லிய ஸ்டாக்கிங் ஒன்றில் துகள்களை நிரப்பி வாயைக் கட்டுங்கள். அதை அணைக்குக் குறுக்கே, சரிவின் போக்கில், ஒரு முனை விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி கிடத்துங்கள். விளிம்போடு இணையாகப் போட்டால் பயனில்லை. மெல்ல மெல்ல ஐஸில் ஒரு வாய்க்கால் உருகி, தேங்கிய தண்ணீர் அதன் வழியே வெளியே வடியும். அணை முழுவதையும் கரைக்க வேண்டியதில்லை, தண்ணீருக்கு வழி கிடைத்தால் போதும். ஏணியில் ஏறாமல் எட்டாத உயரம் என்றால், அல்லது ஏணி வைக்கும் தரை ஐஸாக இருந்தால், இந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். பனிக்காலத்தில் ஏணியிலிருந்து விழுவது சீலிங் கறையைவிடப் பல மடங்கு பெரிய இழப்பு.

சாதாரண உப்பைப் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். சமையல் உப்பும் சாலை உப்பும் சோடியம் குளோரைடு. சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் அது உருக்கும் வேலையைச் சரியாகச் செய்யாது. கால்சியம் குளோரைடு மைனஸ் 25 டிகிரிக்கு அருகிலும் வேலை செய்யும். மேலும் சாலை உப்பு ஆணிகளையும் தகடுகளையும் அரிக்கும், கீழே உள்ள செடிகளைக் கருக்கும். கால்சியம் குளோரைடும் செடிகளுக்கு நல்லதில்லைதான். வடியும் இடத்தில் செடி இருந்தால் மூடிவையுங்கள்.

பெரிய அணை, பல இடத்தில் ஒழுகல் என்றால் நீராவி வைத்து ஐஸ் எடுக்கும் ஆட்களைக் கூப்பிடுவதே சரி. குறைந்த அழுத்த நீராவி ஐஸைக் கட்டி கட்டியாக அறுத்து எடுத்துவிடும், ஓட்டுக்குச் சேதம் வராது. போனில் பேசும்போதே “நீராவியா, வெந்நீர் பிரஷர் வாஷரா?” என்று கேளுங்கள். பிரஷர் வாஷர் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். அந்த வேகத்தில் ஷிங்கிளின் மேல் இருக்கும் மணல் பூச்சு பெயர்ந்துவிடும், தண்ணீர் ஓட்டுக்கு அடியிலும் ஏறும்.

செய்யவே கூடாதவை

கோடரி, சுத்தியல், உளி எதுவும் ஐஸ்மேல் படக் கூடாது. குளிரில் ஷிங்கிள் இறுகி உடையும் பதத்தில் இருக்கும். ஐஸோடு ஓடும் சேர்ந்து பெயரும். தீப்பிழம்பு, புளோ டார்ச் நினைத்தே பார்க்காதீர்கள், கூரை தார் கலந்த பொருளால் ஆனது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் ஒரு நிமிடம் உருகி, பிறகு அந்தத் தண்ணீரும் உறைந்து அணையைப் பெரிதாக்கும். பனி மூடிய கூரைமேல் ஏறுவதும் அப்படியே, கூடாது.

ஐஸ் ஊசிகளைக் கம்பால் தட்டி விழ வைப்பதிலும் ஆபத்து உண்டு. அவை மேலே உள்ள கட்டரோடு, அதாவது மழைநீர் வழியும் ஓரக் குழாயோடு, ஒட்டியிருந்தால் கட்டரும் சேர்ந்து வரும். ஐஸ் நிறைந்த கட்டர் இலேசானது இல்லை. 15 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஐஸ் கட்டை ஒரு மீட்டர் நீளத்துக்கே 20 கிலோவைத் தாண்டும். ஊசிகளுக்குக் கீழே யாரும் நடக்காதபடி வழியை மறித்து வைப்பதுதான் நல்லது, முக்கியமாக வாசற்படிக்கு மேலே தொங்கினால்.

இந்தக் குளிர்காலத்தை ஓட்ட: ரூஃப் ரேக்

வீட்டைச் சரிசெய்யக் குளிர்காலம் முடிய வேண்டும். அதுவரை கையில் இருக்கும் சிறந்த ஆயுதம் ரூஃப் ரேக். நீண்ட கைப்பிடியின் முனையில் அகலமான தட்டு வைத்த கருவி இது. தரையில் நின்றபடியே கூரை ஓரத்துப் பனியை இழுத்துத் தள்ளலாம். பனி இல்லையென்றால் உருகத் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லையென்றால் அணை இல்லை.

பனி 15 சென்டிமீட்டர் அளவு படிந்ததும், அது இறுகுவதற்குள் இழுத்துவிடுங்கள். புதுப் பனி மிக இலேசு. இரண்டு மூன்று நாள் கிடந்து மேலே மழையும் பட்டுவிட்டால் அதை அசைக்கவே முடியாது. விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாகச் சுத்தம் செய்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். முடிந்தால் இன்னும் மேலே போங்கள். சரிவு குறைந்த கூரையில் கீழ்ப்பகுதியை மட்டும் சுத்தம் செய்தால், மீதிப் பனி தொடங்கும் இடத்தில் இரண்டாவது அணை கட்டிவிடுவதும் உண்டு.

மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும், பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது. ஓடு தெரியும்வரை சுரண்டாமல், இரண்டு மூன்று சென்டிமீட்டர் பனியை விட்டுவிடுங்கள். தட்டின் அடியில் சின்னச் சக்கரங்கள் உள்ள ரேக் கிடைத்தால் அதை வாங்குங்கள், ஓட்டில் உரசாது. பனி உங்கள் தலையில் விழாதபடி சற்றுப் பின்னால் நில்லுங்கள். கைப்பிடி பெரும்பாலும் அலுமினியம், ஆகவே வீட்டுக்கு வரும் மின்கம்பி பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

முடித்த பிறகு ஒரு வேலை மறந்துபோகும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாயும் காற்றுக்குழாயும் பல வீடுகளில் பக்கச் சுவரில் தாழ்வாக இருக்கும். கூரையிலிருந்து தள்ளிய பனி அவற்றை மூடிவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. குழாயைச் சுற்றியும் எரிவாயு மீட்டரைச் சுற்றியும் பனியை அள்ளிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் வீட்டில் இல்லையென்றால் இன்றே வாங்குங்கள்.

சூட்டுக் கம்பி பற்றி

விளிம்பில் வளைந்து வளைந்து போகும் மின்சாரச் சூட்டுக் கம்பிகளைச் சில கூரைகளில் பார்த்திருப்பீர்கள். அணையைத் தடுப்பது அவற்றின் வேலை இல்லை, தண்ணீர் வடிய ஒரு பாதையைத் திறந்து வைப்பதுதான். கட்டருக்குள்ளும் கீழே இறங்கும் குழாய்க்குள்ளும் கம்பியைக் கொண்டுபோகாவிட்டால் உருகிய தண்ணீர் அங்கே உறைந்து அடைத்துக்கொள்ளும். மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள இணைப்பில்தான் மாட்ட வேண்டும். பனி குவிவதற்கு முன்பே ஓட்டத் தொடங்க வேண்டும், அணை கட்டிய பிறகு ஓட்டினால் பலன் குறைவு.

என் கருத்தில் இது கடைசி வழி. வீட்டின் வடிவமைப்பால் வேறு எதுவும் செய்ய முடியாத பள்ளத்துக்கோ கூரை ஜன்னல் ஓரத்துக்கோ பொருந்தும். வீட்டுக்குள்ளிருந்து வெப்பம் வீணாகி மேலே போவதற்கு ஒரு மின்கட்டணம், அதன் விளைவைச் சமாளிக்க இன்னொரு மின்கட்டணம் என்று வருடா வருடம் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு: முதலில் ஓட்டைகளை அடைப்பது

சரி, பனிக்காலம் முடிந்தது. இப்போது செய்ய வேண்டியது மூன்று, அதுவும் இந்த வரிசையில்: காற்று கசியும் ஓட்டைகளை அடைப்பது, இன்சுலேஷன் சேர்ப்பது, அட்டிக்குக்குக் காற்றோட்டம் தருவது. வரிசை மாறினால் பணம் வீணாகும். ஓட்டைகளை அடைக்காமல் இன்சுலேஷனைக் கொட்டினால் சூடான காற்று அதன் வழியே புகுந்து போய்க்கொண்டேதான் இருக்கும், ஓட்டைகளும் கண்ணுக்கு மறைந்துவிடும். அடைக்காமல் காற்றோட்டத்தை மட்டும் கூட்டினால், வீட்டின் சூடான காற்றை அட்டிக் இன்னும் வேகமாக இழுத்துக்கொள்ளக்கூடும். அட்டிக்கில் மின்சார வெளியேற்று விசிறி பொருத்தச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

இலையுதிர் காலமோ இளவேனிலோ அட்டிக் வேலைக்கு நல்லது. கோடையில் உள்ளே வெப்பம் தாங்காது. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, நல்ல முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உட்காரவும் நகரவும் குறுக்குச் சட்டங்கள்மேல் ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் சாம்பல் அல்லது பொன்னிறத்தில் மினுமினுக்கும் கூழாங்கல் போன்ற இன்சுலேஷன் கிடந்தால் அதைத் தொடாதீர்கள். அது வெர்மிகுலைட் ஆக இருக்கலாம், அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளும்வரை அட்டிக்கை மூடியே வையுங்கள்.

ஓட்டைகள் எங்கே இருக்கும்? பெரியதிலிருந்து தொடங்குங்கள். அட்டிக்குக்கு ஏறும் கதவு அல்லது மடக்கு ஏணி முதல் குற்றவாளி. வெளிக்கதவுக்கு எவ்வளவு கவனமாகப் பட்டை ஒட்டுவோமோ அவ்வளவு கவனம் இதற்கும் தேவை, ஆனால் பெரும்பாலான வீடுகளில் வெறும் மெல்லிய பலகைதான் கிடக்கும். சுற்றிலும் நுரைப்பட்டை ஒட்டி, கதவின் மேல்பக்கத்தில் தடித்த ஃபோம் பலகையை ஒட்டுங்கள். இறுக்கிப் பூட்ட ஒரு கொக்கி போடுங்கள்.

அடுத்தது கழிவுநீர்க் குழாய்க்குத் துணையாகக் கூரை வழியே மேலே போகும் காற்றுக்குழாய். அது சீலிங்கைக் கடக்கும் இடத்தில் சுற்றிலும் கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். ஸ்ப்ரே ஃபோம் அடித்து மூடலாம். மின்வயர் இறங்கும் துளைகளுக்கும் உட்சுவர்களின் தலைச்சட்டத்துக்கும் டிரைவால் என்ற ஜிப்சம் பலகைக்கும் நடுவில் ஓடும் மெல்லிய இடுக்குக்கும் சீலன்ட் என்ற அடைப்புப் பசை அல்லது ஃபோம் போதும். இந்த இடுக்கு தனியாகப் பார்த்தால் அற்பம். வீடு முழுக்க ஓடும் அதன் நீளத்தைக் கூட்டிப் பார்த்தால் பெரிய ஓட்டை.

புகைபோக்கியைச் சுற்றி மட்டும் ஃபோம் அடிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். அங்கே தகரத் தகடு வெட்டிப் பொருத்தி, அதிக வெப்பம் தாங்கும் சீலன்டால் ஒட்ட வேண்டும். இன்சுலேஷனும் புகைபோக்கியைத் தொடாமல் விலகி இருக்க வேண்டும். சீலிங்குக்குள் பதித்த விளக்குகளும் இதே கவனம் கேட்பவை. இன்சுலேஷன் படலாம் என்று சான்று பெறாத பழைய வகை விளக்குகளை மூடினால் சூடேறித் தீ வரும். அவற்றை மாற்றிவிடுவதே நல்லது.

குளியலறை வெளியேற்று விசிறியின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கட்டாயம் பாருங்கள். அட்டிக்கிலேயே திறந்து விடப்பட்டிருந்தால், ஒவ்வொரு குளியலின் சூடும் ஈரமும் நேராகக் கூரைப் பலகைக்குப் போகிறது. அந்தக் குழாயைக் கூரை அல்லது சுவர் வழியே வெளியே கொண்டுபோய் விட வேண்டும். அட்டிக் வழியாக ஓடும் சூட்டுக்காற்றுக் குழாய்களின் இணைப்புகளையும் சோதித்து அடையுங்கள்.

ஓட்டை தெரியாவிட்டால், காற்று வீசும் குளிர்நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தி அறைக்குள்ளிருந்தே சீலிங்கின் சந்தேக இடங்களில் காட்டுங்கள். புகை மேலே இழுபட்டால் அங்கே கசிவு. அட்டிக்குக்குள் நெருப்பு வேண்டாம். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் வாசலில் பெரிய விசிறி பொருத்தி வீட்டின் காற்றழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கும் ‘புளோயர் டோர்’ சோதனைக்கு ஆள் வைக்கலாம். அகச்சிவப்புக் கேமராவும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். என்னைக் கேட்டால் கூரையை மாற்றும் பணத்தில் ஒரு சிறு பங்கை முதலில் இதற்குச் செலவிடச் சொல்வேன்.

வீட்டை நன்றாக அடைத்த பிறகு, எரிவாயுவோ எண்ணெயோ எரிக்கும் ஃபர்னஸும் வெந்நீர் ஹீட்டரும் புகையைச் சரியாக வெளியேற்றுகின்றனவா என்று தெரிந்தவரை வைத்துச் சோதியுங்கள்.

இன்சுலேஷன், காற்றோட்டம்

அமெரிக்க எரிசக்தித் துறை குளிர் மண்டல அட்டிக்குகளுக்குச் சொல்லும் அளவு ஆர்-49 முதல் ஆர்-60 வரை. ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு, எண் கூடினால் தடுப்பும் கூடும். தூவப்படும் செல்லுலோஸ் என்ற காகித இழை இன்சுலேஷனில் கணக்கிட்டால் அது தோராயமாக 35 முதல் 43 சென்டிமீட்டர் ஆழம். உங்கள் அட்டிக்கில் ஒரு அளவுகோலைக் குத்திப் பாருங்கள். குறுக்குச் சட்டங்களின் தலை வெளியே தெரிந்தால் நிச்சயம் போதாது.

ஆழத்தைவிட முக்கியம், வெளிச்சுவருக்கு நேர் மேலே உள்ள ஓரம். கூரை சரிந்து வந்து தாழும் இடம் அது. அங்கே கை எட்டாததால் இன்சுலேஷன் மெலிந்து போயிருக்கும், இல்லையென்றால் திணித்துக் காற்றுப் பாதையை அடைத்திருப்பார்கள். அணை கட்டும் இடத்துக்கு மிக அருகில் வெப்பம் கசிவது இங்கேதான். கூரைப் பலகையின் அடியில் பேஃபிள் என்ற தட்டைப் பொருத்தினால், அதற்கு மேலே காற்று போக இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையாத வழி இருக்கும், கீழே இன்சுலேஷனைச் சுவர்வரை நிரப்பலாம். ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் ஒன்று வேண்டும்.

காற்றோட்டம் எளிது. சாஃபிட் வழியே குளிர்காற்று நுழைந்து, முகட்டு வழியே வெளியேற வேண்டும். வட அமெரிக்கக் கட்டட விதிகளில் அட்டிக் தரைப்பரப்பில் 150இல் ஒரு பங்கு, சில நிபந்தனைகளோடு 300இல் ஒரு பங்கு, திறப்பு இருக்க வேண்டும் என்பார்கள். 100 சதுர மீட்டர் அட்டிக்குக்கு 300இல் ஒன்று என்றால் சுமார் 3,300 சதுர சென்டிமீட்டர். அதில் பாதியாவது கீழே, சாஃபிட்டில் இருக்கட்டும்.

கூரையை மாற்றும் காலம் வந்தால்

ஓடு மாற்றும்போது மட்டுமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பலகையின்மேல், ஓட்டுக்கு அடியில், தானே ஒட்டிக்கொள்ளும் தார்ச் சவ்வை விளிம்பிலிருந்து ஒட்டச் சொல்லுங்கள். ஆணியைச் சுற்றி இறுக்கிக்கொள்வதால் தேங்கும் தண்ணீரையும் அது தடுக்கும். வெளிச்சுவரின் உட்கோட்டைத் தாண்டி இன்னும் 60 சென்டிமீட்டராவது மேலே போக வேண்டும், பள்ளங்களிலும் போட வேண்டும். இது அணையைத் தடுக்காது, அணை கட்டினாலும் தண்ணீர் உள்ளே வராமல் காக்கும். உலோகக் கூரைக்கு மாறினால் பனி வழுக்கி விழுந்துவிடும் என்பது ஓரளவு உண்மை. ஆனால் கீழே வெப்பம் கசிந்தால் அதன் ஓரத்திலும் ஐஸ் கட்டும், வாசலில் மொத்தமாகப் பனி சரியாமல் இருக்கத் தடுப்புகளும் வைக்க வேண்டியிருக்கும்.

அட்டிக் இல்லாத சரிவுச் சீலிங் வீடுகளுக்கு இதுவே பெரிய வாய்ப்பு. பலகையின்மேல் தடித்த ஃபோம் பலகைகள், அதன்மேல் காற்றுப் பாதை, அதன்மேல் ஓடு என்று அடுக்கலாம். செலவு அதிகம்தான், ஆனால் உள்ளிருந்து எட்டமுடியாத கூரைக்கு உண்மையான தீர்வு இதுதான்.

மதிப்பீடு தர வருபவரிடம் “காற்றுக் கசிவை அடைப்பது இதில் சேர்ந்ததா, எந்தெந்த இடங்கள்?” என்று எழுத்தில் கேளுங்கள். அட்டிக்குக்குள் தலையை நீட்டிப் பார்க்காமலேயே புதுக் கூரை போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

காப்பீடும் வாடகை வீடும்

ஐஸ் அணையால் உள்ளே ஏற்பட்ட தண்ணீர்ச் சேதத்தைப் பல வீட்டுக் காப்பீடுகள் ஏற்கும், கூரையிலிருந்து ஐஸை எடுக்கும் செலவைப் பல ஏற்காது. உங்கள் பத்திரத்தை இலையுதிர் காலத்திலேயே எடுத்துப் படியுங்கள். சேதம் நடந்தால் தாமதிக்காமல் தெரிவியுங்கள், நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு பூஞ்சை பிடிக்கும். நனைந்து அமுங்கிய இன்சுலேஷனை எடுத்து மாற்ற வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் ஐஸ் தடிப்பதைப் பார்த்த அன்றே, ஒழுகும்வரை காத்திருக்காமல், வீட்டுக்காரருக்குப் படத்தோடு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கூரையும் அட்டிக்கும் அவர் பொறுப்பு. நீங்களாக ஐஸை உடைக்கப் போய் ஓடு பெயர்ந்தால் அந்தப் பழி உங்கள்மேல் வரும்.

வேலையெல்லாம் முடிந்து அடுத்த குளிர்காலத்தில் முதல் நல்ல பனி விழுந்ததும், மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் கூரையைப் படம் எடுங்கள். உருகிய திட்டு ஏதாவது தெரிந்தால், அதற்கு நேர் கீழே எந்த அறை, அதில் என்ன குழாய், என்ன விளக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அட்டிக்குக்குள் ஏறும்போது அந்த இடத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.